அப்பாவின் அலமாரி

(சங்கத்தின் மாதாந்திரக் கூட்டத்தில் உறுப்பினர் ஒருவர் ஆற்றிய உரை)



எனக்குக் கொடுத்திருக்கும் விஷயம் ‘பெரியவர்கள் விட்டுச் சென்றவை’. எல்லோரும் ஆஸ்தியை நினைப்பீர்கள். நான் பேசப் போவது ஒரு அலமாரியைப் பற்றி.

ரயில்வேயில் குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்ற என் அப்பா, 2018-ல் மாட்டுங்கா வீட்டில் காலமானார். பன்னிரண்டாம் நாள் குடை, செருப்பு, வஸ்திரம், பாத்திரம் எல்லாம் தானம் கொடுத்தோம். அவையெல்லாம் கடையில் வாங்கிய புதுச் சாமான்கள். கை நடுங்கவில்லை. பதிமூன்றாம் நாள் சுபமும் ஆயிற்று.

மறுநாள் அப்பாவின் அலமாரியைத் திறந்தேன். அதற்கடுத்த நாள் ஆபீஸ் போக வேண்டும். அவர் வாசனை அடிக்கும் சட்டைகளைத் தினமும் பார்க்கும் தைரியமும் எனக்கில்லை. ஒரே மத்தியானத்தில் காலி செய்தேன். துணிமணி, மூக்குக்கண்ணாடி எல்லாம் ஒரு முதியோர் இல்லத்துக்கு. காகிதங்கள் பழைய பேப்பர்காரருக்கு. அம்மா வாசற்படியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு வார்த்தை பேசவில்லை. சம்மதம் என்று எடுத்துக்கொண்டேன்.

ஊன மாசிகம் முடிந்தது. அடுத்த மாசிகத்துக்குத் திதி பார்க்க அம்மா பஞ்சாங்கத்தை எடுத்தாள்.

"ஏண்டா, கண்ணாடி எங்கே?"

"உன் கண்ணாடியா, அம்மா?"

"எங்க ரெண்டு பேருக்கும் அது ஒண்ணுதானேடா."

ஒரே வீட்டில் இருந்தும் எனக்கு இது தெரியாது. பேப்பரை அப்பா முதலில் படிப்பார், பிறகு அம்மா படிப்பாள். அது மரியாதை என்று நினைத்திருந்தேன். மறுநாளே புதுக் கண்ணாடி வாங்கினேன். அம்மா போட்டுக்கொண்டாள். குறையொன்றும் சொல்லவில்லை. அதுதான் இன்றும் உறுத்துகிறது.

குடும்பப் பென்ஷனுக்கு வேண்டிய பி.பி.ஓ. புத்தகமும் பழைய பேப்பர் கட்டோடு போகவிருந்தது. பேப்பர்காரரே பிரித்துப் பார்த்துத் திருப்பிக் கொடுத்தார். அந்தப் புண்ணியவானுக்கு என்றும் கடமைப்பட்டிருக்கிறேன்.

மிஞ்சியது சாவி கொடுக்கும் எச்.எம்.டி. கைக்கடிகாரம் ஒன்று. நான் கை வைப்பதற்குள் அம்மா அதை எடுத்து வைத்துக்கொண்டிருந்தாள். எச்.எம்.டி. கடிகாரக் கம்பெனியை மூட மத்திய அரசு 2016-லேயே முடிவு செய்துவிட்டது. ஆனால் எங்கள் வீட்டில் அந்தக் கடிகாரம் இன்றும் ஓடுகிறது. தினமும் காலை காபிக்கு முன்னால், அப்பா செய்தது போலவே அம்மா சாவி கொடுக்கிறாள்.

நம் சாஸ்திரம் துக்கத்துக்கு ஒரு வருஷம் கொடுத்திருக்கிறது. மாசாமாசம் மாசிகம் செய்து, வருஷாப்திகம் வரை மெதுவாக அழைத்துப் போகிறது. அலமாரிக்கு மட்டும் ஏன் ஒரே மத்தியானம்? முக்கியமான காகிதங்களை முதலில் தனியே எடுத்து வையுங்கள். மற்றவை காத்திருக்கட்டும். கொடுக்க வேண்டாம் என்று சொல்லவில்லை, கொடுக்கத்தான் வேண்டும். ஆனால் போனவருடைய சாமானில் இருப்பவருடைய வாழ்க்கையும் பாதி இருக்கிறது. பக்கத்தில் உட்கார்ந்து, "இதைக் கொடுக்கலாமா?" என்று ஒவ்வொன்றாகக் கேளுங்கள். நான் கேட்கவில்லை.