ஒலிபெருக்கியின் ஊளை



யாழ்ப்பாணக் குடாநாட்டிலே ஒலிபெருக்கியின் ஊளையைக் கேளாத காது இராது. கோயில் திருவிழாவாயினும் பாடசாலைப் பரிசளிப்பு விழாவாயினும், பேச்சாளர் வாய் திறக்குமுன் அது தன் வாயைத் திறந்துவிடும். கலைப் பட்டதாரியாகிய நான் அதன் காரணங்களைக் கற்றது, எங்கள் பாடசாலைக் களஞ்சிய அறையிற் கிடந்த பழைய வால்வு ஒலிபெருக்கி ஒன்றிடமிருந்தே.

1990ஆம் ஆண்டிலே குடாநாட்டில் மின்சாரம் நின்றபின் அப்பெட்டியை எவரும் தொடவில்லை. அண்மையில் மேலைத்தேய இசை பயிலும் மாணவர் சிலர், வால்வின் நாதம் கித்தாருக்கு இனியதென்று கூறி, அதனை எடுத்துத் தூசி தட்டினர். ஆண்டுவிழாவுக்கு மூன்று வாரமே இருந்தது. இத்தனை காலம் உறங்கியதை ஒரேயடியாக மின்னிலே தொடுத்தது எங்கள் முதற் பிழை. இயக்கியதும் பெரும் இரைச்சல் மண்டபத்தை நிரப்பிற்று. முன்வரிசை வால்வுகளைக் கழற்றிய பின்னும் அது குறையவில்லை.

இரைச்சலுக்கும் சுருதி உண்டு. எங்கள் சங்கீத ஆசிரியை கித்தாரின் தடித்த தந்தியை மூன்றாம் மெட்டில் அழுத்தி மீட்டி, இரைச்சல் ஏறக்குறைய அதனோடு ஒன்றுகிறது என்றார். அச்சுரம் வினாடிக்கு 98 அதிர்வு. நமது மின்னோட்டம் வினாடிக்கு 50 முறை அலைவது. சீராக்கப்பட்டபின் அதன் துடிப்பு 100 ஆகும். ஆகவே, அத்துடிப்பை அடக்கவேண்டிய வடிகட்டிக் கொள்ளளவிகளே பழுதென்று தெளிந்தோம். இரைச்சல் 50இல் ஒலித்திருப்பின், வால்வுகளின் இழைக்குச் செல்லும் கம்பிகளையோ நிலத்தொடுப்பையோ ஐயுற்றிருப்போம்.

பட்டணத்துக் கடையொன்றிலே கொள்ளளவிகளை மாற்றுவித்தோம். வெளியீட்டு நிலைமாற்றியும் கெட்டுவிட்டதென்று அதனையும் மாற்றினர். இரைச்சல் போயிற்று, காதைத் துளைக்கும் கீச்சொலி வந்து சேர்ந்தது! ஸ்பீக்கரின் ஒலி ஒலிவாங்கியிற் புகுந்து மீண்டும் பெருகுவதே நாம் வழக்கமாகக் கேட்கும் ஊளை. இங்கோ ஒலிவாங்கியே இல்லை. கித்தாரையும் கழற்றி, ஒலியளவை முற்றாகக் குறைத்தும் கீச்சொலி நிற்கவில்லை.

மின்வழங்கலைச் சோதிக்க எண்ணி, சீராக்கி தவிர்ந்த வால்வுகளைக் கழற்றி இயக்கி அளந்தோம். பின் மின்செருகியை அகற்றியதும் ஒரு மாணவன் உள்ளே கை நீட்டினான். அவன் மணிக்கட்டைப் பிடித்து இழுத்துவிட்டு மானியை வைத்துக் காட்டினேன்: 300 வோல்ற்றுக்கு மேல் நின்றது. செருகியை அகற்றினாலும் கொள்ளளவிகள் உயிரைக் குடிக்கும் மின்னைத் தேக்கி வைத்திருக்கும். தடையி ஒன்றினூடாக அதனை வடித்து, மானி சுழியம் காட்டிய பின்னரே கை வைக்கவிட்டேன். அன்றிரவு எனக்கு நித்திரை வரவில்லை.

காரணத்தைக் கண்டவர் எங்கள் பௌதிக ஆசிரியர். 1927ஆம் ஆண்டில் அமெரிக்கப் பொறியியலாளர் ஹரோல்ட் பிளாக் ஒரு வழி கண்டார்: வெளியீட்டின் ஒரு கூற்றை உள்ளீட்டுக்கு எதிராகத் திருப்பி அனுப்பினால் ஒலியின் திரிபு குறையும். அது எதிராகச் செல்லாது துணையாகச் சென்றால் பெருக்கி தானே அலையத் தொடங்கும். குழப்பத்தை அடக்க அனுப்பிய மாணவத் தலைவன் குழப்பக்காரரோடு சேர்ந்துகொண்டாற் போல! பின்னூட்டற் கம்பியைக் கழற்றினோம்; கீச்சொலி நின்றது. புதிய நிலைமாற்றியிலிருந்து இரு வெளியீட்டு வால்வுகளின் அனோட்டுகளுக்குச் செல்லும் கம்பிகள் இடம் மாறியிருந்தன. அவற்றை மாற்றிப் பற்றவைத்து, பின்னூட்டலை மீண்டும் தொடுத்தோம்.

ஆண்டுவிழாவிலே கித்தார் தெளிவாக ஒலித்தது. பிரதம விருந்தினர் பேச எழுந்தபோது, மண்டபத்தின் மற்றை ஒலிபெருக்கி வழக்கம்போல ஊளையிட்டது. ஒலிவாங்கியை ஸ்பீக்கருக்குப் பின்புறமாக நகர்த்தினோம்.