பிக்கலோ ட்ரம்பெட்: வாங்கறதுக்கு முன்னாடி எதைப் பார்க்கணும்?

இன்னைக்கு ஒரு நேயரோட கேள்வி. பி பிளாட் ட்ரம்பெட் வாசிக்கிறார். கிறிஸ்துமஸுக்கு ஹேண்டலோட 'மெசையா'வில் வரும் 'தி ட்ரம்பெட் ஷல் சவுண்ட்' வாசிக்கணும். மேல் சுரங்கள் வரமாட்டேங்குது. "இருக்கிற ஒரே ட்ரம்பெட்டை வித்துட்டு பிக்கலோ வாங்கலாமா?"ன்னு கேட்கிறார்.

முதல்ல ஒரு விஷயம். பிக்கலோவோட குழாய் நீளம் சுமார் 74 செ.மீ., பி பிளாட் ட்ரம்பெட்டில் பாதி. அதனால் ஒரு ஆக்டேவ் மேலே ஒலிக்கும். ஆனா 880 ஹெர்ட்ஸ் சுரம் வேணும்னா, எந்தக் கருவியா இருந்தாலும் உதடு வினாடிக்கு 880 முறை அதிரணும். அந்த வேலையை பிக்கலோ குறைக்காது.

அப்போ எதுக்கு இது? நீளமான குழாயில் மேலே போகப் போக சுரங்கள் நெருக்கமா அடுக்கியிருக்கும். ஒன்றைக் குறிவச்சா பக்கத்துச் சுரம் விழும். குட்டைக் குழாயில் அதே உயரத்தில் சுரங்களுக்கு நடுவே இடைவெளி அதிகம், குறி தப்பாது. 1967இல் பீட்டில்ஸின் 'பென்னி லேன்' பாட்டில் டேவிட் மேசன் வாசிச்சதைக் கேளுங்க. ஒவ்வொரு சுரமும் துல்லியமா வந்து நிற்கும்.

சரி, ஒப்பிடும்போது என்ன பார்க்கணும்?

ஒன்று, லீட்பைப். ஷில்கி பி5-4, யமஹா 9835 மாதிரி கருவிகளில் பி பிளாட்டுக்கு ஒன்று, ஏ-வுக்கு ஒன்றுன்னு மாற்றிப் போடலாம். ஹேண்டல் பாட்டு டி மேஜர். பி பிளாட்டில் அது ஈ மேஜர் விரலமைப்பு, 4 ஷார்ப். ஏ-வில் எஃப் மேஜர், ஒரே ஒரு பிளாட். நம்ம நேயருக்கு ஏ கண்டிப்பா வேணும்.

இரண்டு, நாலாவது வால்வு. 3 வால்வில் எட்டாத கீழ்ச் சுரங்களை இதுதான் தரும். விலைக்காக இதை விட்டுக்கொடுக்காதீங்க.

மூன்று, மவுத்பீஸ். சிலதுக்கு ட்ரம்பெட் தண்டு, சிலதுக்கு மெலிசான கார்னெட் தண்டு. பொருந்தாததைச் செருகினா சுருதி மொத்தமும் கெடும். கேட்டுட்டு வாங்குங்க.

நான்கு, சுருதி. இதுதான் முக்கியமான சோதனை. பிக்கலோவில் உதடு கொஞ்சம் அசைந்தாலே சுருதி நல்லாவே நகரும். டியூனரைப் பார்த்துக்கிட்டே ஊதினா நாமே சரிபண்ணிடுவோம். கருவியோட குறை தெரியாது. கண்ணை மூடி ஒரு சுரம் ஊதி நிலைநிறுத்துங்க, அப்புறம் கண்ணைத் திறந்து பாருங்க. இரண்டு ஆக்டேவுக்கும் இதைச் செய்யுங்க. எவ்வளவு உயரம் எட்டுதுங்கிறதை வச்சு முடிவெடுக்காதீங்க.

பழைய கருவின்னா, வால்வை அழுத்தாம அதோட ஸ்லைடை உருவுங்க. 'டப்'னு சத்தம் வந்தா நல்லது. வரலைன்னா எங்கேயோ காற்று கசியுது, தேய்மானமான்னு விசாரிங்க.

நேயருக்கு என் பதில்: வித்துடாதீங்க. உதட்டுக்கு பலம் சேர்க்கிற தினசரிப் பயிற்சி அந்தப் பழைய ட்ரம்பெட்டில்தான் நடக்கணும். பிக்கலோவை மட்டும் வச்சு அதைச் செய்ய முடியாது. இந்தக் கிறிஸ்துமஸுக்கு யாரிடமாவது பிக்கலோ இரவல் கேட்டுப் பாருங்க. இரண்டு மாசம் வாசிச்சுட்டு, அப்பவும் வேணும்னு தோணினா பணம் சேர்த்து வாங்குங்க.