சிசுவின் முதுகில் ஒரு கணப்பு



குளிர் வந்தால் நாம் பற்கள் கிட்டிக்க நடுங்குகிறோம். ஆனால் நடுங்கிச் சூடேற்றிக்கொள்ளும் திறன் இன்னும் கைவராத பச்சிளம் சிசு, ஈரம் துடைத்துத் துணியில் சுற்றப்படும் முதல் நாழிகையிலேயே தன் உஷ்ணத்தைக் காத்துக்கொள்வதற்கு, தோள்பட்டைகளின் நடுவே இயற்கை வைத்திருக்கும் பழுப்புக் கொழுப்பு என்னும் கணப்பே பெருந்துணை. வெண்கொழுப்பு சக்தியைச் சேமிக்கும் களஞ்சியம். இதுவோ, இரும்புச் சத்து செறிந்த மைட்டோகாண்ட்ரியாக்களால் பழுப்பேறி, கொழுப்பையும் சர்க்கரையையும் எரித்து, யுசிபி-1 என்ற புரதத்தின் உதவியால் அச்சக்தியை நேரே உஷ்ணமாக்கும் அடுப்பு.

1551-இல் இயற்கையியல் அறிஞர் கொன்ராட் கெஸ்னர், மர்மோட் என்னும் மலைப்பிராணியிடம் கண்டு எழுதிய இப்பொருள், வளர்ந்த மனிதரின் கழுத்திலும் காறையெலும்பின் மேலும் குளிர் பட்டால் விழித்தெழுந்து தொழில் புரிகிறது என்பது 2009-இல் ஐயமற நிரூபணமாயிற்று.

கொழுப்பு என்றாலே பகை என்றெண்ணும் நாம், பிறந்த நாளன்றே நம்மைக் காத்த இத்துணையை நன்றியோடு நினைப்போமாக.