யார் அடிச்சது?

(எழுத்துப் பயிற்சி முகாமில் பேசியதன் எழுத்து வடிவம்)



பகலில் பேங்க் கவுண்டரில் பணம் எண்ணுகிறவன் நான். ராத்திரி கவிதை எழுதுகிறவன். சலானில் தேதி இல்லையென்றால் திருப்பிக் கொடுத்துவிடுவேன். என் எழுத்திடம் மட்டும் அந்தக் கறார் இல்லாமல் போச்சு. அதற்கு என் சித்தப்பா விலை கொடுத்தார்.

2017-இல் ஊரில் அவரைச் சாதிப் பேர் சொல்லித் திட்டி அடித்தார்கள். புகார் மனுவை நான்தான் எழுதினேன். நாலு பக்கம். 'காலங்காலமாய் நசுக்கப்பட்ட எம்மக்கள் மீது மீண்டும் வன்கொடுமை ஏவப்பட்டது' என்று ஆரம்பம். படித்த நண்பர்கள் பாராட்டினார்கள்.

ஸ்டேஷனில் ஏட்டு புரட்டிப் பார்த்துவிட்டுக் கேட்டார்: "யாருய்யா அடிச்சது? எங்க வச்சு? யார் பாத்தா?"

நாலு பக்கத்தில் அது இல்லை. மனுவைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். வாயால் சொன்னாலே எழுதிக்கொள்ள வேண்டியது போலீஸின் கடமை. அவர் செய்தது தப்புதான். ஆனால் அவருடைய சாக்குக்கு என் எழுத்து இடம் கொடுத்தது.

1989 வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில், சாதிப் பேர் சொல்லித் திட்டிய குற்றம் நிற்க வேண்டுமானால், அது பொதுமக்கள் பார்வையில் படும் இடத்தில் நடந்திருக்க வேண்டும். 2015 திருத்தத்துக்குப் பிறகும் அப்படித்தான். 'டீக்கடை வாசல்' என்ற இரண்டு வார்த்தை என் நாலு பக்கத்தைவிடப் பெரிசு.

திருப்பி எழுதினோம்: 'ஞாயிறு மாலை 6 மணிக்கு டீக்கடை வாசலில் இன்னார் என் சாதிப் பெயரைச் சொல்லித் திட்டி, விறகுக் கட்டையால் இடது தோளில் அடித்தார். இன்னின்னார் பார்த்தார்கள்.' மனு அரைப் பக்கம் ஆனது. ஆனால் இரண்டு நாள் போய்விட்டது. அந்தத் தாமதத்தைத்தான் எதிர்த்தரப்பு வக்கீல் பிடித்துக்கொண்டார்.

அன்றிலிருந்து எதை எழுதினாலும், படிக்கத் தெரியாத என் அம்மாவுக்கு வாசித்துக் காட்டுகிறேன். "யாருடா?" என்று அவர் கேட்கிற இடத்தில் எழுவாய் ஓடி ஒளிந்திருக்கும். முதல் பத்தியை எடுத்துவிட்டு வாசிப்பேன். பல நேரம் ஒன்றும் குறைந்திருக்காது. அது தொண்டையைச் செருமிக்கொண்டதுதான்.

வெட்டக் கூடாததும் உண்டு. பேர், நாள், இடம், நம்ம சனங்க பேசின பேச்சு. 'பசிக்குதுடா' என்று அம்மா சொன்னதை, கொச்சை என்று நினைத்து 'பசியால் வாடினாள்' என்று மாற்றுவது திருத்தம் இல்லை, திருட்டு. 'காலங்காலமாய்' என்பதும் பொய்யில்லை. அதற்கு இடம் துண்டறிக்கை, மனு இல்லை.

இப்ப உங்க கையில் இருக்கிற தாளை எடுங்க. 'பட்டது' என்று முடிகிற இடத்துக்கெல்லாம் கோடு போடுங்க. யார் செய்தது என்று பக்கத்தில் எழுதுங்க. அப்புறம் பேசுவோம்.