எம்டன் அதிகாரியின் இரண்டாம் வாழ்க்கை

(கொச்சி மட்டாஞ்சேரியில் தமிழ்த் தொழிலாளர்களிடையே ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



சாமர்த்தியமும் முரட்டுத்தனமும் உள்ளவனைத் தமிழில் 'எம்டன்' என்கிறோம். நீங்கள் வாழும் இந்த ஊரில் மிகப் பெரிய எதையும் 'எமண்டன்' என்கிறார்கள். இரண்டும் ஒரே ஜெர்மானியப் போர்க்கப்பல் விட்டுச் சென்ற சொற்கள்.

1914 செப்டம்பர் 22 இரவு அக்கப்பல் சென்னைத் துறைமுகத்தின் எண்ணெய்த் தொட்டிகளைக் கொளுத்தியது அனைவரும் அறிந்தது. அடுத்த மாதம் அது கொச்சிக்குத் தென்மேற்கே, மினிக்காய் கடற்பாதையில் காத்திருந்து வேட்டையாடியது அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. டிராய்லஸ், கிளான் கிராண்ட், பென்மோர், சில்கானா ஆகிய கப்பல்களும், பான்ராபெல் என்ற தூர்வாரும் கப்பலும் மூழ்கடிக்கப்பட்டன. அவற்றின் மாலுமிகள் செயின்ட் எக்பர்ட் என்ற கப்பலில் ஏற்றப்பட்டுக் கொச்சிக்கு வந்து சேர்ந்தனர். அன்று வெலிங்டன் தீவே கிடையாது. கப்பல் அழிமுகத்துக்கு வெளியே நிற்கும். படகில்தான் கரைக்கு வர வேண்டும். பிரிட்டிஷ் வணிகக் கப்பல்களில் கரி அள்ளியவர்களும் தளம் துடைத்தவர்களும் பெரும்பாலும் லஸ்கர்கள் எனப்பட்ட நம் நாட்டு ஏழைகளே. மூழ்கிய கப்பல்களின் பெயர்களை வரலாறு பத்திரமாக வைத்திருக்கிறது. அவர்கள் பெயர்களை வைத்திருக்கவில்லை.

(செண்பகராமன் பிள்ளை அக்கப்பலில் வந்தார் என்று இன்றும் மேடைகளில் முழங்குகிறார்கள். அவர் அப்போது ஐரோப்பாவில் இந்திய விடுதலைக்காக அமைப்புக் கட்டிக்கொண்டிருந்தார். அந்தப் பெருமையே அவருக்குப் போதும்.)

அக்கப்பலில் தலைவர் கார்ல் ஃபான் முல்லருக்கு அடுத்த நிலையில் இருந்த அதிகாரி ஹெல்முத் ஃபான் மியூக்கே. 1914 நவம்பர் 9 அன்று, கோகோஸ் தீவிலிருந்த தந்தி நிலையத்தைத் தகர்க்க ஏறக்குறைய ஐம்பது பேருடன் கரையிறங்கினார். அவ்வேளையில் ஆஸ்திரேலியப் போர்க்கப்பல் சிட்னி வந்து எம்டனை நொறுக்கியது. 130க்கும் மேற்பட்டோர் மாண்டனர். கரையில் நின்றவரோ அங்கிருந்த 'ஆயிஷா' என்ற பழைய பாய்மரக் கப்பலைக் கைப்பற்றிச் சுமத்ரா சென்றார். அங்கிருந்து ஏமன், பின்னர் அரபுப் பாலை, 1915 மே மாதம் கான்ஸ்டாண்டிநோபிள். ஜெர்மனி அவரைத் தலையில் வைத்துக் கொண்டாடியது. அவ்வாண்டே அவர் எழுதிய இரு நூல்களும் வெளிவந்தன.

கதையை இங்கே முடிப்பதுதான் வழக்கம். சாப்பா முறையை எதிர்த்து 1953இல் துப்பாக்கிச் சூட்டுக்கு நெஞ்சு கொடுத்த தொழிலாளர்களின் ஊரில், வீரம் என்ற சொல்லை அத்தனை எளிதாக முடித்துவிட முடியாது.

போருக்குப் பின் மியூக்கே எங்கே போனார்? நாஜிக் கட்சிக்கு. 1926இல் சாக்சனி சட்டமன்றத்தில் அக்கட்சியின் உறுப்பினராக அமர்ந்தார். இதை மறைத்து அவரை நம் தோழராக்க வேண்டிய தேவை எதுவும் நமக்கில்லை. தோற்ற பேரரசின் அதிகாரி வர்க்கம் தன் தோல்விக்குத் தொழிலாளரையும் குடியரசையும் பழித்தது. நாஜிகள் அந்த வன்மத்திலிருந்துதான் ஆள் திரட்டினர். ஆனால் 1929இல் அவர் அக்கட்சியை விட்டு வெளியேறினார். பிறகு போரை எதிர்த்துப் பேசலானார். ஹிட்லர் ஆட்சி வந்ததும் அவரது எழுத்துக்கும் பேச்சுக்கும் தடை விழுந்தது. பாய்மரக் கப்பல் சாகசம் அப்போது அவரைக் காக்கவில்லை.

1945க்குப் பின்னர் அவர் செய்ததே என் பார்வையில் மேலும் கடினமான காரியம். அமெரிக்காவுக்குச் சோவியத் அணியின் எல்லையோரம் ஒரு படை தேவைப்பட்டது. ஹிட்லரிடம் பணியாற்றிய தளபதிகள் புதிய சீருடையில் திரும்பி வந்தனர். அந்தக் காலத்தில் அந்த முதிய கடற்படை அதிகாரி மேற்கு ஜெர்மனி மீண்டும் ஆயுதமேந்துவதை எதிர்த்துத் துண்டறிக்கைகள் எழுதினார். அவர் பேச்சு எடுபடவில்லை. 1955இல் அந்நாடு நேட்டோவில் சேர்ந்தது. 1956இல் கட்டாய ராணுவச் சேவை வந்தது. அதே ஆண்டு ஆகஸ்டில் கம்யூனிஸ்ட் கட்சி தடை செய்யப்பட்டது. ஆயுதமயமாக்கலை எதிர்த்தவர்களில் முன்னணியில் நின்ற கட்சி அது.

மியூக்கே 1957 ஜூலையில் காலமானார். 2022இல் ஜெர்மனி ராணுவத்துக்கென 10,000 கோடி யூரோ தனி நிதி ஒதுக்கியபோது அந்தப் பழைய விவாதம் மீண்டும் எழுந்தது. இம்முறையும் முதலில் வெட்டு விழுவது எந்தச் செலவில் என்று அங்குள்ள தொழிலாளர்கள் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள்.