நிரலாளரும் அவர்தம் கருவிகளும்

வானொலியில் வானிலை அறிக்கையைக் கேட்போர்க்குப் புத்தளம் என்னும் பெயர் புதிதன்று. புத்தளத்திலிருந்து கொழும்பு, காலி ஊடாக நீளும் கடற்பரப்பின் காற்றும் அலையும் அவ்வறிக்கையில் அடிக்கடி இடம்பெறுவன. கற்பிட்டியிலும் உடப்பிலும் சிலாபத்திலும் வாழும் கடற்றொழிலாளர்க்கு, வள்ளத்தை இறக்குவதா, கரையில் இருப்பதா என்று முடிவு செய்ய அச்சில சொற்கள் உதவுகின்றன. இன்று அத்தகைய சொற்கள் கைத்தொலைபேசிக் குறுஞ்செய்தியாகவும் செல்லத்தக்கவை. அவ்வாறு செல்லும்போது அவற்றைச் சுமப்பது கணினி நிரல். அந்நிரலை எழுதுவோர் தம் கருவிகளைப் பற்றி என்ன எண்ணுகின்றனர், அவ்வெண்ணங்களை எந்த அளவுகோலால் அளப்பது என்பதே இப்பேச்சின் பொருள்.

தொழில் உள்ள இடத்தில் கருவியைப் பற்றிய வாதமும் உண்டு. கரைவலையைப் பொத்திக்கொண்டிருப்போர் நூலைப் பற்றியும் வலைக்கண்ணின் அளவைப் பற்றியும் பேசாமல் இரார். அவ்வலையின் கைகளில் கண் பெரிது. மீன் சென்று தங்கும் மடியில் கண் சிறிது. பின்னுவோர் விரலுக்கு எது எளிது என்பதன்று அங்கே அளவுகோல். எந்த மீன் அகப்பட வேண்டும் என்பதே.

நிரலாளரின் வாதங்களும் இவ்வாறே நாள்தோறும் நிகழ்வன. நிரலை எழுதித் திருத்துவதற்கென 1976ஆம் ஆண்டளவில் அமெரிக்காவில் தோன்றிய 'வீஐ', 'ஈமாக்ஸ்' என்னும் இரண்டு மென்பொருள்களுள் எது சிறந்தது என்ற வழக்கு இன்னும் தீர்ந்தபாடில்லை. வரியின் தொடக்கத்தில் இடம் விடும்போது 'டாப்' விசையை அழுத்துவதா, இடவெளி விசையை நான்கு முறை தட்டுவதா என்பதிலும் இரு கட்சிகள் உள. கற்பிட்டியில் கோட்டை கட்டினாரே ஒல்லாந்தர், அவர்தம் நாட்டவரான எட்ஸ்கர் டைக்ஸ்ட்ரா என்னும் அறிஞர், நிரலில் 'கோ டு' என்னும் கட்டளையைக் கண்டபடி கையாளுதல் தீங்கு பயக்கும் என்று 1968ஆம் ஆண்டில் ஒரு சஞ்சிகைக்குக் கடிதம் எழுதினார். அக்கடிதம் எழுப்பிய விவாதம் பல்லாண்டுகள் நீடித்தது. இப்பொழுதோ, செயற்கை நுண்ணறிவு எழுதித் தரும் நிரலை நம்பலாமா என்பதே எங்கும் பேச்சு.

இவ்வாதங்களை வீண் என்று தள்ளிவிடுதல் முறையன்று. கைக்குப் பழகிய கருவி, அவசர வேளையில் பெருந்துணை. 2004ஆம் ஆண்டு டிசம்பர் 26ஆம் நாள் ஆழிப்பேரலை இலங்கைக் கரையைத் தாக்கிய பின்னர், இந்நாட்டு நிரலாளர் தொண்டர்களாகத் திரண்டு 'சஹானா' என்னும் மென்பொருளை ஆக்கினர். காணாமற் போனோர், முகாம்கள், உதவிப் பொருள்கள் ஆகியவற்றைப் பதிந்து வைப்பது அதன் பணி. பலரும் அறிந்த பிஎச்பி என்னும் கணினி மொழியில் அது எழுதப்பட்டது. எவரும் எடுத்துத் திருத்திக்கொள்ளக்கூடிய கட்டற்ற மென்பொருளாக அது வெளியிடப்பட்டமையால், 2005ஆம் ஆண்டின் பாகிஸ்தான் நிலநடுக்கத்தின் போதும் பயன்பட்டது.

எனினும், மேசையில் இருந்து பேசும்போது கண்ணில் படாத செய்திகளும் உண்டு. புத்தளம் என்னும் சொல்லையே எடுத்துக்கொள்வோம். அதில் எத்தனை எழுத்துகள்? பள்ளிப் பிள்ளை ஐந்து என்று உடனே விடை கூறும். ஸ்விப்ட் என்னும் கணினி மொழியைக் கேட்டால் அதுவும் ஐந்து என்றே சொல்லும். பைதன் என்னும் மொழியின் மூன்றாம் பதிப்போ எட்டு என்னும். கோ என்னும் மொழியில் நீளத்தைக் கேட்டால் வரும் விடை இருபத்து நான்கு.

இவற்றுள் எதுவும் பிழையன்று. ஒவ்வொன்றும் எண்ணுவது வேறு. 1991ஆம் ஆண்டில் வெளிவந்த யூனிகோட் முறையின் முதற்பதிப்பிலேயே தமிழுக்கு இடம் அளிக்கப்பட்டது. அம்முறையில் 'பு' என்பது பகரமும் உகரக் குறியுமாக இரண்டு இடங்களைக் கொள்ளும். 'த்', 'ம்' என்னும் மெய்களுக்குப் புள்ளி தனியிடம் பெறும். ஆகவே ஐந்து எழுத்து எட்டுக் குறியீடாகும். கோப்பில் சேமிக்கையில் ஒவ்வொரு குறியீடும் மூன்று பைட்டு கொள்வதால் இருபத்து நான்காகும். கண்ணுக்கு ஓரெழுத்தாய்த் தோன்றுவது கணினிக்கு ஓரெழுத்தாய் இராது என்பதை உணராமல் எழுதப்பட்ட நிரல், சொல்லை எவ்விடத்திலும் வெட்டிவிடக்கூடும்.

வெட்டுவதால் என்ன கேடு என்று கேட்கலாம். ஒரு குறுஞ்செய்தி 140 பைட்டு கொள்ளும். ஆங்கிலமாயின் 160 குறியீடுகள் அதில் அடங்கும். தமிழுக்கோ சிங்களத்துக்கோ ஒவ்வொரு குறியீட்டுக்கும் இரண்டு பைட்டு வேண்டியிருப்பதால் 70 மட்டுமே அடங்கும். இனி, பின்வரும் எச்சரிக்கையைக் கருதுக: "இன்று புத்தளம், கற்பிட்டி கடற்பரப்பில் பலத்த காற்று. கடலுக்குச் செல்ல வேண்டாம்." கண்ணால் எண்ணினால் இடவெளியும் நிறுத்தக் குறிகளும் உட்பட 52. எழுபதுக்குள் அடங்கிவிட்டது என்றே எவரும் எண்ணுவர். கணினியின் கணக்கிலோ அது 79. எழுபதாவது குறியீட்டில் அதனை வெட்டினால், "கடலுக்குச் செல்ல" என்பதோடு செய்தி நின்றுவிடும். வெட்டுண்டு போவது "வேண்டாம்" என்னும் ஒரே சொல்.

ஆங்கிலத்தில் விலக்கும் சொல் வாக்கியத்தின் முன்னே வரும். வால் அறுந்தாலும் விலக்கு எஞ்சும். தமிழில் அது இறுதியில் வருவது, சிங்களத்திலும் அவ்வாறே. புத்தளக் கரையில் வழங்குவன இவ்விரு மொழிகளுமே. நீண்ட செய்தியைப் பகுதிகளாக அனுப்பிப் பெறுவோர் தொலைபேசியில் ஒன்றாக இணைக்கும் வழி உண்டு என்பது உண்மையே. ஆனால், செய்தி அவ்வழியை அடைவதற்கு முன்னரே எழுபதோடு நறுக்குமாறு ஒரு வரி நிரல் எழுதப்பட்டிருப்பின், அவ்வழி இருந்தும் பயனில்லை. அந்த வரியை எழுதியவர் எந்த மென்பொருளில் எழுதினார், இடவெளி விட்டாரா, 'டாப்' விசையை அழுத்தினாரா என்று கரையில் உள்ளவர் கேட்கப்போவதில்லை.

ஆகையால் நிரலாளர் கைக்கொள்ளத்தக்க வழக்கங்கள் சில உள. நிரலைச் சோதிக்கும்போது ஆங்கிலப் பெயர்களை மட்டும் இட்டுப் பார்த்தல் போதாது. உடப்பு, கற்பிட்டி, முந்தல் என்னும் பெயர்களையும் இட்டுப் பார்த்தல் வேண்டும். நீளம் என்று எழுதும் இடந்தோறும், எழுத்தின் நீளமா, குறியீட்டின் நீளமா, பைட்டின் நீளமா என்று தம்மைத் தாமே வினவுதல் வேண்டும். செயற்கை நுண்ணறிவு எழுதித் தந்த வரியையும் அதே வினாவினால் சோதித்தல் வேண்டும். எச்சரிக்கையை வரைவோரும் விலக்கை முன்னே வைத்து, "கடலுக்குச் செல்ல வேண்டாம்" என்றே தொடங்குவாராயின், வால் அறுந்தாலும் பொருள் பிழைக்கும். இதற்குப் புதிய கருவி எதுவும் வேண்டியதில்லை.

கருவியைப் பற்றிய கருத்துகள் காலந்தோறும் மாறும். இன்று போற்றப்படும் மொழி நாளை பழையதாகும். மேசையில் வாதம் நிகழட்டும்; அது தொழிலில் உள்ள பற்றின் அடையாளம். ஆனால் தீர்ப்பு வழங்க வேண்டிய இடம் கரை. விடியற்காலையில் வள்ளத்தின் அருகே நின்று தொலைபேசியைப் பார்க்கும் ஒருவர், இறுதிச் சொல் வரை முழுமையாக வாசிக்க முடிந்ததா என்பதே நல்ல நிரலுக்கும் நல்ல கருவிக்கும் உரிய சோதனை.