துணை உலோகங்களும் நாட்டு நலனும்

(சுரங்க நிர்வாகம் குறித்த பயிற்சி வகுப்பொன்றில் ஆற்றிய உரை)



இராஜஸ்தானத்தில் உதயப்பூருக்கு அருகே உள்ள ஜாவரில், பல நூற்றாண்டுகளுக்கு முன்பே நம் முன்னோர் துத்தநாகத்தை வடித்தெடுத்தனர். அவர்கள் பயன்படுத்திய மண்கலங்கள் இன்றும் அங்கே குவிந்து கிடக்கின்றன. அத்தாதுவில் காட்மியமும் கலந்திருக்கும் என்பதை அன்று எவரும் அறியார். அத்தனிமம் கண்டறியப்பட்டதே 1817இல்தான். இன்று நாம் அறிவோம். அறிந்த பின்னும் அதனைக் கசடில் போகவிட்டால், அது அறியாமையன்று. நிர்வாகக் குறைபாடே ஆகும்.

விலைக்குக் கட்டுப்படாத அளிப்பு

காட்மியம், இண்டியம், ஜெர்மானியம் ஆகியவை பெரும்பாலும் துத்தநாகத் தாதுவோடு வருகின்றன. செலினியமும் டெலூரியமும் செம்பை மின்பகுப்பு முறையில் தூய்மையாக்கும்போது தொட்டியின் அடியில் படியும் சேற்றிலிருந்து கிடைக்கின்றன. காலியம், பாக்சைட்டிலிருந்து அலுமினா எடுக்கும் கரைசலில் சேர்கிறது. ஒரு டன் பாக்சைட்டில் அது சுமார் 50 கிராம் அளவே உண்டு.

வைக்கோல் விலை ஏறியதென்று எந்த உழவரும் கூடுதலாக ஒரு காணி நெல் நடுவதில்லை. அதுபோலவே, இண்டியத்தின் விலை இரு மடங்கானாலும் எவரும் அதற்கெனப் புதிய துத்தநாகச் சுரங்கம் தோண்டுவதில்லை. அளிப்பை நிர்ணயிப்பது தலைமை உலோகத்தின் தேவையே. ஆகவே இங்கு அளிப்பைப் பெருக்கும் வழி ஒன்றுதான்: வெட்டியெடுத்த தாதுவிலிருந்து வீணாவதைக் குறைத்தல்.

நஞ்சா, செல்வமா?

துத்தநாக ஆலையில், வறுத்த தாதுவைக் கந்தக அமிலத்தில் கரைக்கின்றனர். மின்பகுப்புக்கு முன் அக்கரைசலில் துத்தநாகத் தூளை இட்டால் காட்மியம் தனியே படிகிறது. துத்தநாகம் தூய்மையாக வேண்டுமாயின் இதனைச் செய்தே தீரவேண்டும். படிந்ததை விற்பனைக்குரிய உலோகமாக்குவதா, கழிவாகக் குவிப்பதா என்பதே அடுத்த கேள்வி.

அக்கேள்வியை அலட்சியம் செய்ததன் விளைவை ஜப்பான் அனுபவித்தது. ஜின்சு ஆற்றின் மேற்பகுதியில் இருந்த கமியோகா சுரங்கத்திலிருந்து வெளியேறிய காட்மியம் பாசன நீர்வழியே தொயாமா மாநிலத்தின் நெல் வயல்களை அடைந்தது. அந்த அரிசியை உண்டவர்களின் சிறுநீரகங்கள் பழுதுற்றன, எலும்புகள் நொறுங்கின. ‘இத்தாய்–இத்தாய்’ எனப்பட்ட அந்நோய்க்குக் காட்மியமே காரணமென 1968இல் அந்நாட்டு அரசு ஏற்றுக்கொண்டது. ஆலையின் கணக்கேட்டில் இடம்பெறாத செலவை ஆற்றங்கரை உழவர் குடும்பங்கள் செலுத்தின.

மறுபுறம், மீட்பு முறையாக நடந்தால் பயன் பெரிது. இந்தியாவில் அண்மை ஆண்டுகளில் கிடைத்துவரும் வெள்ளி ஏறத்தாழ முழுவதும் ஈய–துத்தநாகத் தாதுவின் துணைப்பொருளே; 2023–24இல் அது 700 டன்னைத் தாண்டியது. சிங்பூம் பகுதியில் மொசபானி, சுர்தா, ராக்கா செப்புச் சுரங்கக் கழிவிலிருந்து முன்பு யுரேனியமும் மீட்கப்பட்டது.

செய்ய வேண்டுவன

வெள்ளிக்குக் கிடைக்கும் கவனம் கிராம் கணக்கில் வரும் தனிமங்களுக்குக் கிடைப்பதில்லை. 2023 ஆகஸ்டு முதல் காலியம், ஜெர்மானியம் ஏற்றுமதிக்குச் சீனா உரிமம் கட்டாயமாக்கியபோது, அச்சிறு அளவுகளின் பெருமதிப்பை உலகம் உணர்ந்தது. அதே ஆண்டில் நம் அரசு வெளியிட்ட 30 முக்கியக் கனிமங்களின் பட்டியலில் காலியம், ஜெர்மானியம், இண்டியம், செலினியம், டெலூரியம், காட்மியம் ஆகிய ஆறும் உள்ளன. 2025 ஜனவரியில் ஒப்புதல் பெற்ற தேசிய முக்கியக் கனிம இயக்கம், கழிவுகளிலிருந்து மீட்பதையும் தன் பணியாகக் கொண்டுள்ளது.

இதற்கு உறுதுணையாக மூன்றைக் குறிப்பிட விரும்புகிறேன். முதலாவது, ஆய்வு நிலையிலேயே தாதுவிலுள்ள நுண் தனிமங்களை அளந்து பதிவு செய்தல். இரண்டாவது, சுரங்கம் முதல் கழிவுக் குட்டை வரை ஒவ்வொரு தனிமத்துக்கும் வரவு–செலவுக் கணக்கு வைத்தல். எங்கே எவ்வளவு மறைகிறதென்பது அப்போதே புலப்படும். மூன்றாவது, இன்று மீட்க இயலாத கழிவுகளை வேறு கழிவுகளோடு கலக்காமல், நிலத்தடி நீரைத் தீண்டாவண்ணம் தனித்தனியே சேமித்தல்.

மீட்புச் செலவு முழுவதையும் ஆலையே ஏற்க வேண்டுமென்பது என் கருத்தன்று. துணை உலோகங்களின் சந்தை சிறியது, விலையோ நிலையற்றது. தொழில்நுட்ப ஆராய்ச்சியிலும் உறுதியான கொள்முதலிலும் அரசு பங்கேற்பது நியாயமே. ஆனால் கணக்கு வைப்பதற்கு மானியம் தேவையில்லை. மனம் இருந்தால் போதும். அப்பணியை உங்கள் அலுவலகங்களில் நாளையே தொடங்கலாம்.